இடது பக்கச் சிரிப்பு

வத்சலா செய்த காரியத்துக்கு அந்த மருத்துவமனையில் பெயர் கிடையாது. பெயர் இருந்திருந்தால் அதற்கு ஒரு சட்டம் இருந்திருக்கும், சட்டத்துக்கு ஒரு தண்டனை இருந்திருக்கும். அவளும் தண்டனையை வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். பெயரில்லாத தப்பைச் செய்தவளுக்கு அந்த வசதி இல்லை. உட்கார்ந்தால் கால் ஆடும். காலைப் பிடித்து நிறுத்தினால் கை எதையாவது தேடும். நான்கு மாதமாக இதே பிழைப்பு.

கோவையில் மெட்ரோ ஓட ஆரம்பித்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. பீளமேடு ஸ்டேஷனை ஒட்டியிருந்த அந்தத் தாடை மருத்துவமனைக்கு, புற்றுநோயில் வாயில் பாதியைப் பறிகொடுத்தவர்கள் வருவார்கள். போன எலும்பை, ஈறும் பல்லும் சேர்த்து, உயிருள்ளதாக அச்சடித்துப் பொருத்துவது அங்கே வேலை. அச்சடிக்க வேண்டிய வாயைத் திரையில் வடிவமைத்துக் கொடுப்பவள் வத்சலா. வயது நாற்பத்தொன்று. கணவன் ஜெகதீசன் இறந்து ஒன்றரை வருடத்துக்குச் சற்றுக் குறைவு. பிள்ளைகள் இல்லை.

திங்கட்கிழமை காலை வரவேற்பிலிருந்து போன் வந்தது.

"மேடம், சென்னியப்பன்னு ஒரு பேஷண்ட் இருந்தாரில்ல, அவரு வீட்டுக்காரம்மா வந்திருக்காங்க. டாக்டரைப் பார்க்க மாட்டாங்களாம். பல்லு வரைஞ்சவங்களைத்தான் பார்க்கணுமாம்."

இந்த ஒரு போனுக்காகத்தான் நான்கு மாதமாக அவள் கால் ஆடிக்கொண்டிருந்தது. வந்துவிட்டது என்றதும் ஆட்டம் நின்றது. அனுப்பிவைக்கச் சொன்னாள்.

உள்ளே வந்தவளுக்கு முப்பது வயது இருக்கும். துளசிமணி என்று பெயர் சொன்னாள். இடுப்பில் ஐந்து மாதக் குழந்தை. நாற்காலியில் பாதி மட்டும் உட்கார்ந்தாள். சண்டை போட வந்து, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாத உட்காரல்.

"ஏனுங்க, நீங்கதானுங்களா எங்க வீட்டுக்காரருக்குப் பல்லு வரைஞ்சது?"

"நான்தாங்க. ஏதாவது வலியா அவருக்கு?"

"அவருக்கு ஒரு வலியும் இல்லீங்க. முறுக்குத் திங்கறாரு. எனக்குத்தானுங்க முடியல." குழந்தையை மடியில் இறக்கினாள். "வலது பக்கமா உக்காந்தா எங்க வீட்டுக்காரரு. இடது பக்கமா உக்காந்தா யாரோ அசலாளுங்க. பிரசவத்துக்குப் போயிட்டு வந்து ஒரு மாசமாச்சு, நானும் வலது பக்கமே உக்காந்து பாக்கறேன். ஒரு மனுசன்கூட எத்தனை நாளைக்கிங்க ஒரே பக்கமா உக்காந்து குடும்பம் நடத்தறது?"

வத்சலாவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"அவருக்கு மேல்தாடையில இடது பாதியை எடுத்துட்டாங்கம்மா. அதே அளவுல கூடு மாதிரி ஒண்ணு ஆபரேஷன் தியேட்டருக்குள்ளேயே அச்சடிப்போம். அதுல போற மை அவரோட செல்லுதான். உள்ள வெச்சு மூணு மாசம் ஆனா அது அவரோட எலும்பாவே ஆயிடும். வெளி ஆளுது எதுவுமே இல்ல."

"எலும்பு அவருது, செரிங்க. சாயல் யாருதுங்க?"

பத்து வருடமாக இந்த வேலையில் இருக்கிறாள். டாக்டர்கள் கேட்டதில்லை, மாநாடுகளில் கேட்டதில்லை. கேட்டவள் இவள்தான். வத்சலா மேஜைமேல் கிடந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்தாள், மூடினாள்.

"பழைய போட்டோ இருந்தா அதைப் பார்த்து செய்வோம். உங்க வீட்டுல குடுத்த ஒரு போட்டோலயும் அவரு பல்லு தெரியலை."

"ஆமாங்க, கல்யாணத்தன்னைக்கே வாயை இறுக்கி மூடிட்டுத்தான் நின்னாரு. பல்லு தெரியச் சிரிக்கக் கூச்சமுங்க அவருக்கு. வீட்டுக்குள்ளதான் சிரிப்பாரு." சொல்லும்போதே அவள் குரல் இறங்கியது. "செரி, வலது பக்கம் இருக்குதில்லீங்க? அதைப் பாத்து இதைப் போட்டிருக்கலாமே. டெய்லரு ஒரு கையைப் பாத்துத்தானுங்க இன்னொரு கையை வெட்டறாரு."

"போட்டிருக்கலாம். கட்டிக்கு ரேடியேஷன் கரண்ட் வெச்சதுல அவருக்கு வாயே திறக்கலைம்மா. ஸ்கேனர் உள்ள போகலை. வலது பக்கம் கலங்கலாத்தான் விழுந்துச்சு. அப்படி ஆனா, நாங்க முன்னாடி ஸ்கேன் எடுத்து வெச்சிருக்கிற மத்தவங்க வாய்ல அளவு ஒத்துப்போறதை எடுத்து வெச்சுப்போம்."

"மத்தவங்கன்னா யாருங்க?"

"பேரு இருக்காதும்மா. வெறும் நம்பர்தான்."

அது உண்மைதான். உண்மையை வைத்துக்கொண்டே பொய் சொல்ல முடியும் என்பதை வத்சலா அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டாள்.

துளசிமணி குனிந்து குழந்தையின் வாயைத் துடைத்தாள். "அவரு சிரிக்கறப்ப அந்தப் பக்கம் ஒரு தெத்துப்பல்லு எட்டிப் பாக்குதுங்க. அதைப் பாத்தா எனக்கு முதுகு சில்லுங்குது. என்னைப் பாத்துச் சிரிக்கறது அவரில்லீங்க, வேற யாரோ. மாத்திக் குடுங்க. வெள்ளிக்கிழமை செக்கப்புக்கு அவரைக் கூட்டிட்டு வருவேன். அன்னைக்கு ஒரு முடிவு சொல்லுங்க. இல்லீன்னா இங்கிருந்தே எங்கம்மா வீட்டுக்குப் போயிர்றனுங்க."

"இனி மாத்தணும்னா அறுத்துத்தாம்மா எடுக்கணும். கரண்ட் வெச்ச எலும்பு. ஒரு தடவை ஆறினதே பெருசு. இன்னொரு தடவை ஆறலைன்னா..."

"ஆறலைன்னா?"

துளசிமணி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து போய்விட்டாள்.

நடந்தது இதுதான்.

ஆறு வருடத்துக்கு முன் மருத்துவமனைக்குப் புது ஸ்கேனர் வந்தபோது ஆயுத பூஜை சமயம். ஆய்வகத்துப் பசங்கள் இயந்திரத்துக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரி கடலை எல்லாம் வைத்துவிட்டு, போணிக்கு ஒரு வாய் வேண்டும் என்று நின்றார்கள். வத்சலாவைக் கூட்டிப்போக வந்திருந்த ஜெகதீசன் மாட்டிக்கொண்டான். கல்லூரியில் கணக்கு வாத்தியார். பொரியை மென்று முடித்துக் கொப்பளித்துவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்தான். ஸ்கேன் முடிந்ததும் திரையில் தன் வாய் சுற்றுவதைப் பார்த்து, "இவ்வளவு கேவலமாவா இருக்கு?" என்று சிரித்தான். இடது பக்கம் தெத்துப்பல் தெரிந்தது. அந்த வாய்க்கும் ஒரு நம்பர் கொடுத்துச் சேர்த்துவைத்தார்கள்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பேட்மிண்டன் ஆடிக்கொண்டிருந்தவன் மைதானத்திலேயே சரிந்து போனான்.

சென்னியப்பனுக்கு வாய் தேடியபோது கணினி பொருத்தமானது என்று மூன்றைக் காட்டியது. பேரில்லாத அந்த மூன்றில் ஒன்று மட்டும் வத்சலாவுக்குப் பேரோடு தெரியும். கை தவறிவிட்டது என்று சொல்ல முடியாது. கை நின்றது, யோசித்தது, பிறகு அழுத்தியது. அளவு பொருந்துகிறது, கணினியே சொல்கிறது, இதில் என்ன தப்பு என்று அவள் தனக்குத்தானே வாதாடினாள். வாதாட வேண்டியிருந்ததே தப்பு என்று அப்போதே தெரியும்.

ஆபரேஷன் அன்று அவள் லீவு. ஜெகதீசனுக்கு முதல் திதி. பேரூர் ஆற்றங்கரையில் கொழுந்தன் பிண்டம் வைக்க, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஐயர் சொன்ன எதுவும் காதில் விழவில்லை. இங்கே இவனை அனுப்பிவைக்கிறோம், அங்கே பீளமேட்டில் இவன் பல் இன்னொருவன் வாயில் ஏறிக்கொண்டிருக்கிறது என்பதே நினைப்பாக இருந்தது. பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. மறுநாள் வேலைக்கு வந்ததும், "நல்லா உக்காந்துடுச்சு வத்சலா" என்றார் டாக்டர் கதீஜா. அதற்குப் பிறகு பயத்தில் அந்த ஃபைலை அவள் திறக்கவே இல்லை.

பேச்சுப் பயிற்சி நாளில் தற்செயலாக வந்தவள்போல் அறை மூலையில் போய் நின்றாள். புதுப்பல் வைத்தவர்களை அங்கே சிங்காநல்லூர், சோமனூர், சனிக்கிழமை என்று சொல்லச் சொல்வார்கள். சென்னியப்பன் திக்கித் திக்கிச் சொன்னான். சோமனூரில் லேசாகக் காற்றுக் கசிந்தது. ஜெகதீசனுக்கும் அப்படித்தான். நர்ஸ் ஏதோ கேலி பேச, சென்னியப்பன் சிரித்தான். இடது பக்கம் அந்தப் பல். வத்சலா கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

அதற்குப் பிறகு அவன் செக்கப்புக்கு வரும் நாளெல்லாம் அவளுக்கு ஏதாவது ஒரு வேலை அந்தப் பக்கம் இருந்தது. எப்போதும் அவனுடைய இடது பக்கமாகவே போய் நின்றாள். அவனுக்கு வலது பக்கம் என்று ஒன்று இருப்பதாகவே அவள் நினைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை வேலை ஓடவில்லை. ஒரு பாட்டியின் கீழ்த்தாடையை வடிவமைக்க உட்கார்ந்து கடைவாய்ப் பல்லை முன்பல் இடத்தில் வைத்தாள். டாக்டரிடம் சொன்னால் வேலை போகும். போகட்டும். ஆனால் சொன்ன மறுநிமிஷம், 'அந்தப் பல்லை எடுத்துவிடு' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அறுத்தால் அந்த மனிதன் என்ன ஆவான்? சொல்லாமல் விட்டால் அவன் குடும்பம் என்ன ஆகும்? இந்த இரண்டுக்கும் அடியில் மூன்றாவதாக ஒன்று கிடந்தது. அந்தச் சிரிப்பு உலகத்தில் இருக்கும் ஒரே இடம் அதுதான், அது போகக் கூடாது. இதை நினைத்ததும் தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அருவருப்பு வந்ததே தவிர, ஆசை போகவில்லை.

புதன்கிழமை மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஆட்டோ பிடித்துக் கணபதிக்குப் போனாள். பம்புசெட்டுக்குச் சாமான் கடைந்து கொடுக்கும் பட்டறை சென்னியப்பனுடையது. லேத்தை நிறுத்திவிட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வந்தான்.

"வாங்க மேடம். அவ உங்களை வந்து பாத்தாளாமா? தப்பா எதும் பேசியிருந்தா மனசுல வெச்சுக்காதீங்க."

"தப்பா ஒண்ணும் பேசலை. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். உங்களுக்கு அந்தப் பல்லு எப்படி இருக்கு?"

"பல்லு மாதிரி இருக்குதுங்க." சிரித்தான். வத்சலா அவன் இடது பக்கம்தான் நின்றுகொண்டிருந்தாள். பார்வையைத் திருப்பி லேத்தைப் பார்த்தாள்.

"பழைய சிரிப்பு மாதிரி இல்லைன்னு அவங்க சொல்றாங்களே?"

"எனக்கு என்னங்க தெரியும்? சிரிக்கறவன் என்னைக்குங்க தன் சிரிப்பைப் பாத்திருக்கான்? அது அவகிட்டத்தான் இருந்துச்சு. அவளையே நாங்க கேக்கலியே." ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னான். "வளைகாப்பு முடிஞ்சு அவங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போன வாரந்தானுங்க கட்டின்னு தெரிஞ்சுது. பிள்ளைத்தாச்சிகிட்டச் சொல்லிப்போடாதேன்னு எங்கம்மா சொன்னாங்க, மாமனாரும் அதையேதான் சொன்னாரு. எனக்கும் அதுதான் செரின்னு பட்டுச்சுங்க. ஆபரேசன், கரண்டு, எல்லாம் அவளுக்குத் தெரியாமயே நடந்துச்சு. வாயெல்லாம் பஞ்சு, போன்ல எங்கீங்க பேசறது? ஆர்டர் ஜாஸ்தி, பட்டறையில ஒரே சத்தம்னு மெசேஜ் போட்டுட்டே இருந்தேன். குழந்தை பொறந்தன்னைக்கு மாஸ்க் போட்டுட்டுப் போயி, சளி புடிச்சிருக்குதுன்னு சொல்லி, கதவுகிட்டயே நின்னு பாத்துட்டு வந்தனுங்க."

"வீட்டுக்கு வந்தப்பதான் அவங்களுக்குத் தெரிஞ்சுதா?"

"வாசல்ல ஆரத்தி எடுத்தாங்க. குழந்தையைப் பாத்துச் சிரிச்சேன். அப்பப் பாத்தா பாருங்க என் மூஞ்சிய... அப்படியே நின்னுட்டா. அப்புறந்தான் சொன்னோம்." கை துடைத்த துணியை மடித்து லேத்மேல் போட்டான். "வெள்ளிக்கிழமை டாக்டரம்மாகிட்டச் சொல்லிடலாம்னு இருக்கனுங்க. அறுத்து எடுத்துட்டு வேற வெச்சிருங்கன்னு."

"ஆறாம போனா உயிருக்கே ஆபத்துங்க. விளையாட்டில்ல."

"தெரியுமுங்க. அவ போயிட்டா இந்தப் பல்ல வெச்சுட்டு நான் யாருகிட்டச் சிரிக்கறது?"

இதைச் சொல்லிவிட்டு அவன் மறுபடியும் சிரித்தான். ஜெகதீசன்தான். தன் மனைவிக்காகச் சாகத் தயாராக இருக்கும் ஒருவனின் முகத்தில் தன் கணவனைப் பார்த்து ரசித்துக்கொண்டிருக்கிறோம் என்பது பக்கத்துப் பட்டறைகளின் இரைச்சலில் வத்சலாவுக்கு உறைத்தது. ஆட்டோ வருவதற்குக்கூட நிற்காமல் டெக்ஸ்டூல் பாலம் வரை வெயிலில் நடந்தாள். உயிரைப் பணயம் வைப்பவன் எதற்காக வைக்கிறோம் என்றாவது தெரிந்து வைக்கட்டும். சொல்லிவிட வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை டாக்டர் கதீஜாவின் அறையில் துளசிமணி முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தாள். காலடியில் துணிப்பை, மேலே குழந்தையின் பால் புட்டி துருத்திக்கொண்டிருந்தது. சென்னியப்பனை ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போயிருந்தார்கள். டாக்டர் வழக்கம்போல மேஜை இழுப்பறையிலிருந்து வறுத்த நிலக்கடலையை எடுத்து ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தார். கோபம் வந்தாலும் கவலை வந்தாலும் அவருக்குக் கடலைதான்.

"உன் பேஷண்டு அறுத்து எடுங்கன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு வத்சலா. நல்லா ஆறின வாயை நான் எதுக்கு அறுக்கணும்? இந்தப் பொண்ணுக்கு நீயாவது எடுத்துச் சொல்லு."

"மேடம், அவங்க சொல்றது சரி. அது வேற ஆள் பல்லுதான்." வத்சலா நின்றுகொண்டே பேசினாள். உட்கார்ந்தால் கால் ஆடும். "என் வீட்டுக்காரரோடது. கம்ப்யூட்டர் மூணு காட்டுச்சு. மூணுல அதை வேணும்னேதான் எடுத்தேன். அவரு போனதுக்கப்புறம் அந்தச் சிரிப்பைப் பார்க்கணும்னு இருந்துச்சு. அதுக்கு இவங்க வீட்டுக்காரர் வாயை எடுத்துக்கிட்டேன். நாலு மாசமாப் பார்த்துட்டும் இருக்கேன்." துளசிமணியின் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு முதுகு சில்லுன்னு ஆகுதுன்னீங்களே, அது ஒண்ணும் பிரமை இல்லைங்க. என்னை மன்னிக்கணும்னு கேக்கலை. அவரு உயிரை விடறதுக்கு முன்னாடி இது உங்களுக்குத் தெரியணும்."

அறையில் குழந்தை மட்டும் தன் கால் விரலைப் பிடித்து ஏதோ பேசிக்கொண்டிருந்தது.

துளசிமணி அவளை நிமிர்ந்து பார்த்தாள். அடிக்கப்போகிறாள் என்று வத்சலா நினைத்தாள், அடித்தால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தாள். ஆனால் துளசிமணி, "உங்க வீட்டுக்காரரு எப்பிடிங்க செத்தாரு?" என்று கேட்டாள்.

"பேட்மிண்டன் ஆடிட்டிருந்தப்ப..." என்று ஆரம்பித்தாள் வத்சலா.

"ரெண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க." டாக்டர் கடலைப் பொட்டலத்தைத் தள்ளி வைத்தார். "வத்சலா, நீ பண்ணினது பெரிய தப்பு. அதை அப்புறம் பேசறேன், சும்மா விடமாட்டேன். ஆனா நீ வெச்சதை நான் அப்படியே ஏத்தியிருப்பேன்னு யார் உனக்குச் சொன்னா?"

"மேடம்?"

"அன்னைக்கு நீ இல்ல. அச்சடிக்கிறதுக்கு முன்னாடி உன் டிசைனை அவர் வாயில வெச்சுத் திரையில மூடிப் பார்த்தேன். கடைவாய்ப்பல்லு இடிச்சுது. வாயே மூடாது. நல்லவேளை, மயக்கம் குடுத்ததுல வாய் நல்லாத் திறந்துச்சு. வலது பக்கத்தைத் தெளிவா ஸ்கேன் எடுத்தேன். அதையே கண்ணாடியில பார்க்கிற மாதிரி திருப்பி இடது பக்கத்துக்குப் போட்டேன். ஏறினது அதுதான். உன்னோடதை அங்கேயே ஒதுக்கி வெச்சாச்சு, ஃபைல்ல சும்மா கிடக்கு." டாக்டர் துளசிமணியைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "அந்தப் பல்லு உன் வீட்டுக்காரரோட பல்லுதாம்மா. அவரோட வலது பக்கம்தான் இடது பக்கம் வந்து நிக்குது. டெய்லர் வெட்டற மாதிரின்னு வெச்சுக்கோ."

"ஏன் மேடம் எங்கிட்டச் சொல்லலை?" வத்சலாவின் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"எப்படிச் சொல்றது? மறுநாள் திதி குடுத்துட்டுக் கண்ணெல்லாம் வீங்கி வந்து நிக்கிறே. உன்கிட்டப் போய் உன் டிசைன் உக்காரலைன்னு சொல்ல மனசு வரலை. நல்லா உக்காந்துச்சுன்னு சொல்லிட்டேன். அப்புறம் மறந்தும் போச்சு."

சென்னியப்பன் போன கதவை வத்சலா திரும்பிப் பார்த்தாள். பேச்சுப் பயிற்சியில் கசிந்த காற்று, பட்டறையில் பார்த்த சிரிப்பு, கழிப்பறையில் அழுத அழுகை எல்லாம் எங்கேயோ போய் நின்றன. இல்லை, அப்படி இருக்க முடியாது. பதினாறு வருடம் கூட வாழ்ந்த முகம். அவளுக்குத் தெரியாதா?

"நான் பார்த்தேன் மேடம். நான் நேர்ல பார்த்தேன். அவரேதான்."

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டு, திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். இரண்டு இடது மேல்தாடைகள் பக்கத்தில் பக்கத்தில் மெதுவாகச் சுற்றின. இரண்டிலும் ஒரு தெத்துப்பல் இருந்தது.

"ஒண்ணு நீ வெச்சது. ஒண்ணு நான் ஏத்தினது. பார்த்துக்கோ. உன் வீட்டுக்காரரை உனக்குத் தெரியாமலா இருக்கும்?"

வத்சலா யோசிக்கக்கூட இல்லை. பல் லேசாகத் திரும்பி, பக்கத்துப் பல்லின் தோளில் ஏறி நிற்கும் அந்த நிற்பு. அதைப் பார்த்ததும் நெஞ்சுக்குள் நான்கு மாதமாக நடப்பது அப்படியே நடந்தது. இரண்டு எட்டு எடுத்து வைத்து, திரையின் வலது ஓரத்தில் இருந்ததைத் தொட்டாள்.

"இதுதான் மேடம். இவருதான்."

டாக்டரின் முகத்தில் எதுவும் மாறவில்லை. மாறாமல் வைத்துக்கொள்ள அவர் பட்ட பாடு மட்டும் தெரிந்தது.

"ம்... அதான். சரியாச் சொல்லிட்டே," என்று கை நீட்டித் திரையை அணைக்கப் போனார்.

"அணைக்காதீங்க டாக்டரம்மா."

துளசிமணி எழுந்து வந்திருந்தாள். குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டு, வத்சலாவின் விரல் நின்ற இடத்தையே வெகுநேரம் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மெல்ல இளகியது.

"இவங்ககிட்டயும் எதுக்குங்க மறைக்கறீங்க? நல்லதுக்குன்னு எங்கிட்ட எல்லாரும் மறைச்சு நான் பட்டது போதாதுங்களா?" வத்சலாவின் கையைப் பிடித்துத் திரையிலிருந்து இறக்கினாள். அந்தப் பிடியில் கோபம் இல்லை. "இது எங்க வீட்டுக்காரரு பல்லுங்க. அவரு வலது பக்கம் இதேதான், இப்படித்தான் ஏறி நிக்கும். பக்கம் மாறி நிக்கவும் எனக்குத்தான் ஆளு தெரியாமப் போச்சு."

துளசிமணி குனிந்து துணிப்பையை எடுத்துக்கொண்டாள். ஸ்கேன் அறை எந்தப் பக்கம் என்று டாக்டரிடம் கேட்டாள். நேராகப் போய் இடது கைப்பக்கம் என்றார் டாக்டர்.

அவள் போன பிறகும் திரையில் இரண்டும் சுற்றிக்கொண்டிருந்தன. வத்சலா நாற்காலியை இழுத்துப் போட்டு, தன் விரல் படாத மற்றதற்கு நேராக உட்கார்ந்தாள். இந்தப் பல்லை எங்கே பார்த்தோம் என்று யோசித்தாள். தெரியவில்லை.

"மேடம், இதைக் கொஞ்சம் பெருசாக்கிக் காட்டுங்க," என்றாள்.